இல்லறத்தார் டார்வின்

அறிவுத் துறையில் பெரும்புகழ் பெற்றவர்களை நினைக்கும்போது, அவர்கள் வீடு வாசலை மறந்தவர்கள், மனைவி மக்களைப் பொருட்படுத்தாதவர்கள் என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆராய்ச்சியும் இல்வாழ்க்கையும் ஓர் உறையில் இரண்டு வாள் என்று சொல்வாரும் உண்டு. தேர்வு, பட்டம், மேல்படிப்பு என்று ஊரை விட்டு வந்து விடுதியில் வாழும் மாணவர்களாகிய நம்மிடையே இந்த எண்ணம் சற்று அதிகமாகவே இருக்கிறது. இதைப் பொய்யாக்கிக் காட்டிய ஒருவர், உயிரினங்களின் வரலாறு பற்றி உலகம் கொண்டிருந்த கருத்தையே மாற்றிய சார்லஸ் டார்வின் ஆவார்.

மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்று சொன்னவர் என்ற அளவிலேயே நம்மிற் பலர் அவரை அறிவோம். அவர் சொன்னது அதுவன்று. மனிதனுக்கும் குரங்குக்கும் நெடுங்காலத்துக்கு முன் பொதுவான முன்னோர் இருந்தனர் என்பதே அவர் கருத்து. அந்த டார்வின் தம் வாழ்நாளில் நாற்பது ஆண்டுகளை ஒரு சிற்றூரில், ஒரே வீட்டில், மனைவி மக்களோடு கழித்தவர் என்பதும், அவருடைய பெரிய நூல்கள் யாவும் குழந்தைகளின் கூச்சலுக்கு நடுவே பிறந்தவை என்பதும் பலர் அறியாத செய்தி.

இளமை

இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்னும் ஊரில் 1809 ஆம் ஆண்டு பிப்ரவரி 12 ஆம் நாள் டார்வின் பிறந்தார். தந்தை ராபர்ட் டார்வின் செல்வாக்கு மிக்க மருத்துவர். தாய் சூசன்னா, புகழ்பெற்ற பீங்கான் தொழிற்குடும்பமாகிய வெட்ஜ்வுட் குடும்பத்தின் மகள். எட்டு வயதிலேயே டார்வின் தாயை இழந்தார். மூத்த சகோதரிகளே அவரை வளர்த்தனர்.

மகனும் மருத்துவனாக வேண்டும் என்று விரும்பிய தந்தை, அவரை எடின்பரோவுக்குப் படிக்க அனுப்பினார். மயக்கமருந்து இல்லாத அந்தக் காலத்து அறுவைச் சிகிச்சையை நேரில் கண்ட இளைஞர் மனம் தாங்காமல் வெளியேறினார். பிறகு சமயகுருவாக்கலாம் என்று கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார்கள். அங்கும் வண்டு பிடிப்பதில்தான் அவருக்கு நாட்டம் சென்றது. பீகிள் என்னும் கப்பலில் உலகைச் சுற்றிவர அழைப்பு வந்தபோது தந்தை இணங்கவில்லை. தாய்மாமனாகிய ஜோசையா வெட்ஜ்வுட் தலையிட்டு மைத்துனரின் மனத்தை மாற்றினார். 1831 டிசம்பர் 27 இல் புறப்பட்ட கப்பல் 1836 அக்டோபரில் திரும்பியது. ஐந்தாண்டுக்காலம் கண்டு சேர்த்த செய்திகளே டார்வினின் வாழ்நாள் ஆராய்ச்சிக்கு விதையாயின.

அம்மான் மகள்

ஊர் திரும்பிய டார்வினுக்குத் திருமணம் பற்றிய சிந்தனை எழுந்தது. 1838 ஆம் ஆண்டு ஒரு தாளை எடுத்தார். மணந்தால் வரும் நன்மைகளை ஒரு பக்கமும், மணவாமையின் நன்மைகளை மறுபக்கமும் வரிசையாக எழுதினார். மணந்தால் நேரம் போகும், நூல் வாங்கப் பணம் குறையும், மாலை வேளையில் படிக்க முடியாது, உறவினர் வீடுகளுக்குப் போய்வர வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டார். வாழ்நாள் துணை, முதுமையில் ஒரு நட்பு, பிள்ளைகள், வீட்டில் இசை என்று மறுபக்கம் எழுதினார். வேலைக்காரத் தேனீயைப்போல் ஓயாமல் உழைத்துவிட்டு ஒன்றுமில்லாமல் சாவதா என்ற எண்ணம் இறுதியில் வென்றது. மணம் செய்துகொள்வதே சரி என்று கணக்கு ஆசிரியரைப்போல் முடிவு எழுதினார்.

அவர் நாடியது அம்மான் மகளாகிய எம்மாவை. தமிழ்நாட்டு முறையில் சொன்னால், எம்மா அவருக்கு முறைப்பெண். டார்வினைக் கப்பலேற்றிவிட்ட அதே தாய்மாமனின் மகள். டார்வினைவிட ஒன்பது மாதம் மூத்தவர். 1839 ஜனவரி 29 அன்று மேயர் என்னும் ஊரில் திருமணம் நடந்தது.

இந்தத் திருமணத்தில் ஒரு சிக்கல் இருந்தது. அதற்குள் டார்வினுக்குச் சமய நம்பிக்கையில் ஐயங்கள் தோன்றிவிட்டன. எம்மாவோ ஆழ்ந்த பக்தி உடையவர். இத்தகைய ஐயங்களை மனைவியிடம் மறைத்துவிடுவதே நல்லது என்று தந்தை ராபர்ட் அறிவுரை கூறினார். டார்வினால் மறைக்க முடியவில்லை. மணத்துக்கு முன்பே எல்லாவற்றையும் எம்மாவிடம் சொல்லிவிட்டார்.

மணமான புதிதில் எம்மா தம் கணவருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரே வீட்டில் இருந்தும் நேரில் பேச முடியாததைக் கடிதமாக எழுதினார். கணவர் நேர்மையோடு உண்மையைத் தேடும் வரையில் அவர் தவறு செய்ததாகக் கொள்ள முடியாது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். எனினும், நிறுவிக் காட்டினால்தான் நம்புவேன் என்னும் அறிவியல் பழக்கம், அவ்வாறு நிறுவ இயலாத சிலவற்றையும் தள்ளிவிடச் செய்யுமோ என்று அஞ்சினார். சாவுக்குப் பின்னும் இருவரும் பிரியாமல் இருக்க வேண்டுமே என்பது அவருடைய கவலை. அந்தக் கடிதத்தை டார்வின் கடைசிவரை வைத்திருந்தார். தாம் பலமுறை அதை முத்தமிட்டு அழுததைத் தம் மறைவுக்குப் பின் மனைவி அறியட்டும் என்று அதன் அடியில் குறித்தும் வைத்தார்.

டவுன் இல்லம்

மூன்றாண்டு இலண்டன் வாழ்க்கைக்குப் பிறகு 1842 செப்டம்பரில் கென்ட் மாவட்டத்தில் டவுன் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர். அந்த வீட்டில் குடியேறிய சில நாட்களில் பிறந்த மேரி என்னும் பெண்குழந்தை மூன்று வாரங்களே வாழ்ந்தது. 1839 முதல் 1856 வரை பதினேழு ஆண்டுகளில் எம்மா பத்துப் பிள்ளைகளைப் பெற்றார். அவர்களுள் எழுவரே பெரியவர்களாயினர்.

டார்வினுக்கு வாழ்நாளின் பெரும்பகுதியில் உடல்நலம் இல்லை. வயிற்றுக்கோளாறு, வாந்தி, நடுக்கம், களைப்பு என்று மாறிமாறித் துன்புற்றார். நாளுக்குச் சில மணி நேரமே வேலை செய்ய முடிந்தது. ஆகவே அவருடைய ஒவ்வொரு நாளும் கடிகாரம்போல் நடந்தது. காலையில் எழுத்து, நண்பகலில் தோட்டத்தின் ஓரமாக அமைந்த மணற்பாதையில் நடை, பிற்பகலில் மனைவி நாவல் படிக்கக் கேட்டல், இரவில் இருவரும் பாக்காமன் ஆட்டம். நம் தாயத்தைப்போலப் பகடை உருட்டிக் காய் நகர்த்தும் அந்த ஆட்டத்துக்கும் டார்வின் கணக்கு வைத்திருந்தார். தாம் 2,795 ஆட்டமும் மனைவி 2,490 ஆட்டமும் வென்றதாக 1876 இல் அமெரிக்க நண்பர் ஒருவருக்குப் பெருமையோடு எழுதினார்.

அக்காலத்து ஆங்கிலச் செல்வர் வீடுகளில் குழந்தைகளைத் தந்தையின் அறைப்பக்கம் விடமாட்டார்கள். டவுன் இல்லத்தில் அப்படியில்லை. கத்தரிக்கோலும் பசையும் கேட்டுக்கொண்டு பிள்ளைகள் ஆய்வறைக்குள் புகுவார்கள். மாடிப்படியில் பலகையைச் சாய்த்து வைத்துச் சறுக்கி விளையாடுவார்கள். உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலின் கையெழுத்துப் பிரதியில் சில பக்கங்களே இன்று எஞ்சியுள்ளன. அவற்றுள் சில எஞ்சியதற்குக் காரணம், பின்புறத்தில் பிள்ளைகள் படம் வரைந்திருந்ததுதான். காய்கறி, பழப் போர்வீரர்கள் சண்டையிடும் படம் ஒன்று அவற்றில் உண்டு. உலகம் போற்றும் கையெழுத்தைத் தந்தை குப்பையில் போட, மழலையின் கிறுக்கலைக் குடும்பத்தார் எடுத்து வைத்திருக்கின்றனர்!

பிள்ளைகள் அவருக்கு ஆராய்ச்சித் துணைவர்களாகவும் இருந்தனர். மூத்த மகன் வில்லியம் பிறந்த நாள் தொடங்கி, குழந்தை எப்போது சிரிக்கிறது, எப்போது முகம் சுளிக்கிறது, எப்போது அஞ்சுகிறது என்று டார்வின் குறிப்பெடுத்தார். அக்குறிப்புகள் 1877 இல் ஒரு குழந்தையின் வரலாறாக வெளிவந்தன. உயிர்களின் உணர்ச்சி வெளிப்பாடு பற்றி 1872 இல் அவர் எழுதிய நூலுக்கும் அவை பயன்பட்டன. தோட்டத்தில் வண்டுகள் எந்த வழியாகப் பறந்து செல்கின்றன என்று அறிய, ஐந்தாறு பிள்ளைகளை ஆங்காங்கே நிறுத்திவைத்தார். வண்டு தன்னருகே வந்ததும் பிள்ளை கூவும். அடுத்த பிள்ளை பார்த்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, தந்தைக்கு ஆராய்ச்சி.

கடற்பாறைகளிலும் கப்பலடியிலும் ஒட்டி வாழும் ஒருவகைச் சிற்றுயிர்களை அவர் 1846 முதல் எட்டாண்டுகள் அறுத்தறுத்து ஆராய்ந்தார். அந்த ஆண்டுகளில் வளர்ந்த மகன் ஒருவன், அண்டைவீட்டுத் தந்தை இந்த உயிர்களை எந்த அறையில் ஆராய்வார் என்று கேட்டானாம். எல்லாத் தந்தையர்க்கும் அதுவே தொழில் என்று அவன் எண்ணிவிட்டான்.

இரண்டு இழப்புகள்

பிள்ளைகளுள் ஆன்னி என்னும் மூத்த மகளிடம் டார்வினுக்குத் தனிப் பாசம். முதுமையில் தம்மைத் தாங்கப்போகும் மகள் என்று அவளைப்பற்றி நினைத்திருந்தார். பத்து வயதில் அவள் நோயுற்றாள். 1851 மார்ச்சு மாதம் மால்வெர்ன் என்னும் ஊருக்கு நீர்மருத்துவத்துக்காக அவளை அழைத்துச் சென்று விட்டுவந்தார். நோய் முற்றியதென்று செய்தி வரவே விரைந்து சென்று படுக்கையருகில் அமர்ந்தார். எம்மா அப்போது நிறைமாதக் கர்ப்பிணி, வர இயலவில்லை. மகளின் நிலையைத் தந்தை கடிதங்களில் எழுதிக்கொண்டே இருந்தார். ஏப்ரல் 23 அன்று ஆன்னி இறந்தாள். தனித்திருக்கும் மனைவியைத் தேற்ற வேண்டும் என்று, அடக்கத்துக்கும் நில்லாமல் டார்வின் ஊர் திரும்பினார். ஒரு வாரம் கழித்து மகளின் முகம், நடை, சிரிப்பு, குறும்பு ஒன்றும் மறந்துவிடக் கூடாது என்று சில பக்கங்கள் எழுதிவைத்தார். உலகையே உற்றுநோக்கிய கண் அன்று மகளின் நினைவை உற்றுநோக்கியது.

கிறித்தவ நம்பிக்கையில் அவருக்கு எஞ்சியிருந்த பிடிப்பு இந்தச் சாவோடு நீங்கியது என்று வரலாறு எழுதினோர் சிலர் கருதுவர். எம்மா தம் நம்பிக்கையைக் கைவிடவில்லை. ஆன்னியின் எழுதுபெட்டியில் அவளுடைய சிறு பொருள்களை வைத்து எம்மா கடைசிவரை காத்தார். ஒரே துயரம் இருவரையும் இருவேறு வழிகளில் செலுத்தியது. ஆயினும் அவர்கள் ஒருவரையொருவர் விட்டுவிடவில்லை.

ஏழாண்டு கழித்து மற்றோர் இழப்பு வந்தது. 1858 ஜூன் 18 அன்று மலாய்த் தீவுகளிலிருந்து வாலஸ் என்னும் இயற்கை ஆராய்ச்சியாளரின் கட்டுரை தபாலில் வந்து சேர்ந்தது. டார்வின் இருபது ஆண்டாக மனத்தில் வைத்துப் பேணிய அதே கொள்கையை வாலஸும் தாமாகவே கண்டிருந்தார். முதன்மைப் புகழ் கைநழுவும் நேரம். அதே நாட்களில் வீட்டில் மகள் ஹென்ரியெட்டா தொண்டை அடைப்பான் நோயில் கிடந்தாள். ஒன்றரை வயதுக் கடைக்குட்டி சார்லஸ், ஸ்கார்லெட் காய்ச்சலால் ஜூன் 28 அன்று இறந்தான். டார்வின் தம் குறிப்புகளை நண்பர்களாகிய லயெல், ஹூக்கர் ஆகியோரிடம் ஒப்படைத்து, முடிவை அவர்களுக்கே விட்டுவிட்டார். மூன்றாம் நாள், ஜூலை 1 ஆம் தேதி, இலண்டன் லின்னேயன் கழகத்தில் இருவர் எழுத்துகளும் ஒருங்கே படிக்கப்பட்டன. அறிவியல் வரலாற்றின் பெருநாள்களுள் ஒன்றாகிய அன்று டார்வின் அவையில் இல்லை. மகனை இழந்து வீட்டில் இருந்தார். மறு ஆண்டு நவம்பர் 24 இல் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூல் வெளிவந்தது.

மனைவியின் பங்கு

இந்தக் கொள்கையை முதன்முதல் விரிவாக 1844 இல் டார்வின் எழுதினார். தாம் திடீரென்று இறந்துவிட்டால் 400 பவுன் செலவிட்டு அதை வெளியிடவேண்டும் என்று ஒரு கடிதம் எழுதி வைத்தார். அந்தப் பொறுப்பை அவர் ஒப்படைத்தது அறிவியல் நண்பர் எவரிடமும் அன்று, எம்மாவிடம். தம் நம்பிக்கையை அசைக்கக்கூடிய எழுத்தை எம்மா படித்தார். விளங்காத இடங்களை ஓரத்தில் குறித்துக் கொடுத்தார். அவர் அதைக் கிழித்தெறியவும் இல்லை. கணவர் அவரிடமிருந்து அதை மறைக்கவும் இல்லை. ஞாயிறுதோறும் எம்மா பிள்ளைகளுடன் தேவாலயம் செல்வார். பிற்காலத்தில் டார்வின் உள்ளே செல்வதை நிறுத்திக்கொண்டார். ஆயினும் ஊர்ப் பாதிரியாரின் நண்பராக இருந்து ஏழைகளுக்கான சேமிப்புச் சங்கத்தின் கணக்கைப் பல்லாண்டு பார்த்துவந்தார்.

இந்த இல்லறத்தைக் குறையற்றதென்று புனைந்துரைப்பது முறையாகாது. தந்தையின் செல்வம் இருந்ததால் டார்வினுக்குப் பிழைப்புக் கவலை இல்லை. வீடு நிறைய வேலையாட்கள் இருந்தனர். பத்துப் பிள்ளைப்பேறும் நோயாளிக் கணவரின் பணிவிடையும் எம்மாவின் தோள்மேல் விழுந்தன. 1871 இல் வெளிவந்த மனிதனின் வழித்தோற்றம் பற்றிய நூலில், அறிவாற்றலில் ஆண்களே மேம்பட்டவர் என்று டார்வின் எழுதினார். அந்த நூலின் கையெழுத்துப் பிரதியைத் திருத்திச் செப்பம் செய்து தந்தவரோ அவர் மகள் ஹென்ரியெட்டா! ஆண்பிள்ளைகள் கேம்பிரிட்ஜிலும் பட்டாளத்துப் பயிற்சியிலும் சேர்ந்தனர். பெண்பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. காலத்தை வென்று சிந்தித்தவரும் இந்த ஒன்றில் காலத்துக்குக் கட்டுப்பட்டார்.

அவரை வாட்டிய மற்றொரு கவலை நமக்கும் நெருக்கமானது. தாம் அம்மான் மகளை மணந்ததால்தான் பிள்ளைகள் நோயாளிகளாகப் பிறந்தார்களோ என்று அவர் அஞ்சினார். செடிகளில் தன்மகரந்தச் சேர்க்கையையும் அயல்மகரந்தச் சேர்க்கையையும் ஒப்பிட்டுப் பல்லாண்டு ஆராய்ந்தபோது, தன்மகரந்தத்தால் பிறந்த செடிகள் பெரும்பாலும் நலிவதைக் கண்டார். 1871 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உறவுமணம் பற்றி ஒரு கேள்வி சேர்க்கவேண்டும் என்று முயன்றார். நாடாளுமன்றம் இசையவில்லை. பிறகு மகன் ஜார்ஜ் தாமே செய்திகளைத் திரட்டி ஆராய்ந்து, தீங்கு சிறிதே என்று 1875 இல் எழுதினார். நெருங்கிய உறவில் தலைமுறை தலைமுறையாகக் கொண்டு கொடுத்தால் சில பிறவி நோய்கள் வரும் வாய்ப்புக் கூடும் என்பது இன்று மருத்துவம் அறிந்த செய்தி. சொந்தப் பிள்ளைகளைப்பற்றிய அச்சத்தையும் அளந்தறிய வேண்டிய கேள்வியாகவே டார்வின் கொண்டார்.

முதுமையும் மறைவும்

பிள்ளைகள் வளர்ந்த பின்னும் டவுன் இல்லம் வெறுமையாகவில்லை. 1876 இல் மகன் பிரான்சிசின் மனைவி, மகப்பேற்றுக்குப் பின் இறந்தார். பிரான்சிஸ் கைக்குழந்தை பெர்னார்டுடன் பெற்றோரிடம் வந்து சேர்ந்தார். அறுபத்தேழு வயதில் டார்வின் மீண்டும் ஒரு குழந்தையோடு விளையாடினார். பிரான்சிஸ் அவருக்கு ஆராய்ச்சித் துணைவரானார். செடிகளின் அசைவு பற்றித் தந்தையும் மகனும் செய்த ஆராய்ச்சி 1880 இல் நூலாயிற்று. மறு ஆண்டு மண்புழுக்களைப் பற்றிய நூல் வந்தது. மண்புழுவுக்குக் காது கேட்குமா என்று அறிய, வீட்டிலிருந்த பியானோவும் பஸூன் என்னும் ஊதுகருவியும் புழுக்கள் இருந்த சட்டிகளின் அருகே இசைக்கப்பட்டன. புழுக்கள் அசையவில்லை. சட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து இசைத்தபோது, அதிர்வை உணர்ந்து வளைக்குள் ஓடின. ஜார்ஜ், பிரான்சிஸ், ஹோரஸ் என்னும் மூன்று புதல்வரும் பின்னாளில் ராயல் சொசைட்டியின் உறுப்பினராயினர்.

1876 இல் டார்வின் பிள்ளைகளுக்காகத் தம் வரலாற்றை எழுதினார். அவர் மறைந்தபின் 1887 இல் பிரான்சிஸ் அதை வெளியிட்டபோது, சமயம் பற்றிய கடுமையான சில பகுதிகளை எம்மாவின் விருப்பப்படி நீக்கிவிட்டார். 1958 இல் பேத்தி நோரா பார்லோ அவற்றை மீண்டும் சேர்த்து முழுமையாக வெளியிட்டார். தாய் உயிரோடிருந்தவரை மகன் காத்த மௌனமும் தவறன்று; பின்னர்ப் பேத்தி உண்மையை வெளியிட்டதும் தவறன்று.

1882 ஏப்ரல் 19 அன்று, எழுபத்து மூன்றாம் வயதில், டவுன் இல்லத்தில் மனைவியின் அருகே டார்வின் உயிர் நீத்தார். டவுன் ஊர்த் தேவாலய முற்றத்தில், குழந்தைகள் உறங்கும் இடத்தில் தம்மைப் புதைக்க வேண்டும் என்பதே அவர் விருப்பம். நண்பர்களும் நாடாளுமன்ற உறுப்பினர் 20 பேரும் வேண்டிக்கொள்ளவே, ஏப்ரல் 26 இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், நியூட்டன் கல்லறைக்கு அருகில் அடக்கம் நடந்தது. பெட்டியைத் தாங்கி வந்தோருள் வாலஸும் ஒருவர். எம்மா அந்தப் பெருவிழாவுக்குச் செல்லவில்லை, வீட்டிலேயே இருந்துவிட்டார். பதினான்கு ஆண்டுகள் கழித்து 1896 அக்டோபர் 2 இல் அவர் மறைந்தார். அவரை டவுன் ஊரிலேயே அடக்கம் செய்தனர்.

மால்வெர்னில் ஆன்னி, டவுனில் எம்மா, வெஸ்ட்மின்ஸ்டரில் டார்வின் என்று அந்தக் குடும்பம் பிரிந்து கிடக்கிறது. சாவுக்குப் பின் பிரிவு வந்துவிடுமோ என்று மணமான புதிதில் எம்மா அஞ்சினாரே, அந்தப் பிரிவைக் கல்லறையளவில் ஏற்படுத்தியது டார்வினின் கொள்கையன்று; நாடு அவருக்கு அளித்த பெருமையே. உயிரோடிருந்த நாற்பத்து மூன்று ஆண்டுகளில் அவர்களுக்குள் அந்தப் பிரிவு நேரவில்லை. ஒருவர் நம்பியதை மற்றவர் நம்பவில்லை. அதை இருவரும் அறிந்திருந்தனர். அறிந்தே ஒவ்வோர் இரவும் பகடை உருட்டினர்.

மணத்துக்கு முன் எழுதிய அந்தத் தாளில் டார்வின் அஞ்சிய இழப்புகள் எல்லாம் உண்மையாகவே நேர்ந்தன. நேரம் போயிற்று, பணம் செலவாயிற்று, கவலை மிகுந்தது. அந்தக் கவலைகளுக்கு நடுவில்தான் அவருடைய பணியும் நடந்தது. படிப்பு முடியட்டும், பிறகு வீட்டுக்கு எழுதலாம் என்று கடிதத்தைத் தள்ளிப்போடும் நாம், மகளின் படுக்கையருகே அமர்ந்து மனைவிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த அந்த அறிஞரை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.